ஐப்பசி பிறக்கட்டும்

எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் காய்கறி கிடையாது. வேதாரண்யத்துக்கு மேற்கே, ஊர்ப் பெயர்கள் கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று புலத்தில் முடிகிற மணல் பூமி அது. மாந்தோப்பும் மல்லிகைக் கொல்லையுமாகக் கிடக்கும். காவிரிக்குக் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலி சொல்லும். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். வடகிழக்குப் பருவமழை மட்டும் எங்களைத் தேடிக்கொண்டு வரும். கொல்லையில் கத்தரியும் வெண்டையும் வேரழுகிச் சாயும். கடலில் காற்று கிளம்பிவிட்டால் கோடியக்கரையில் வள்ளங்கள் கரையேறிவிடும், மீனும் இல்லை. சந்தைக்குப் போகிற தடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு.

இப்போது சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். அடைமழையிலும் யாரோ ஒரு பையன் நனைந்துகொண்டே வந்து வாசலில் கேரட்டும் பீன்ஸும் வைத்துவிட்டுப் போகிறான். அவனுக்கு நன்றி சொல்லாமல் கதவைச் சாத்தியதில்லை. ஆனால் வானிலை அறிக்கையில் புயல் சின்னம் என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பால் இருக்கிறதா, தண்ணீர் கேன் இருக்கிறதா, மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் இருப்பது என்னாகும் என்று மனம் ஓடுகிறது. சின்ன வயதில், இதைவிட மோசமான மழையில், ஓட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு நான் ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. நான் ஏங்குவது அந்தப் பயமில்லாத தூக்கத்துக்காக. அந்தத் தூக்கத்தை எனக்குக் கொடுத்தது அடுப்புக்கு மேலே இருந்த ஒரு பரண்.

பரணில் வரிசையாக அடுக்குப்பானைகள். கீழே பெரிய பானை, அதன் வாயில் அடுத்தது, அதன் மேல் அதைவிடச் சிறியது என்று உச்சியில் ஒரு கலயம் வரை போகும். மேலே இருப்பதே கீழே இருப்பதற்கு மூடி. விறகடுப்பின் சூடும் புகையும் ஓயாமல் ஏறிக்கொண்டிருப்பதால் மழைக்காலத்து ஈரம் அங்கே அண்டாது, பூச்சியும் வராது. பானைகளெல்லாம் கருத்துப்போய் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு எதில் என்ன என்று தெரியாது. அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கும் அம்மாவுக்கும் இருட்டில் கைவைத்தாலே தெரியும். புளி, மாங்காய் வத்தல், கத்தரி வத்தல், கொத்தவரை வத்தல், சுண்டை வத்தல், மோர் மிளகாய், கூழ் வடகம், தாளிக்கிற வடகம், கருவாடு. கருவாட்டுப் பானை மட்டும் தனியாக ஓரத்தில். தரையில் சணல் சாக்குகளில் உளுந்தும் பச்சைப்பயறும் இருக்கும். சம்பா அறுவடைக்கு முன்னால், நெல் நிற்கும்போதே வயலில் தெளித்துவிடுவோம். அறுத்த தாளுக்கு நடுவே முளைத்து, மிச்ச ஈரத்தைக் குடித்து, பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கட்டி வைத்தால் வண்டு வராது.

பரணுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஐப்பசி பிறக்கும் வரை யாரும் தொடக்கூடாது. ஆவணியில் ஒருநாள் காய் இல்லை என்று அம்மா ஏணியில் கால் வைத்தால், “என்ன அவசரம்? ஐப்பசி பொறக்கட்டும்” என்று திண்ணையிலிருந்தே அப்பாயியின் குரல் வரும். “சரிங்கத்தை” என்று இறங்கி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு வந்து அன்றைய பொழுதை ஓட்டிவிடுவாள். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குச் சுண்டை வத்தல் நாலு வறுத்து நொய்க்கஞ்சியோடு கிடைக்கும். அதற்காகவே காய்ச்சல் வராதா என்று நாங்கள் இருந்திருக்கிறோம்.

பானைகள் நிரம்புவது மாசியில் தொடங்கும், புளியிலிருந்து. ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவிக் காயவைத்துப் பானையில் அமுக்கிவிடுவார்கள். புதுப்புளி சிவப்பாக இருக்கும், ரசத்துக்கு அது. போன வருஷத்துப் புளி கருத்திருக்கும்; குழம்புக்கு அதுதான் வேண்டும் என்பாள் அம்மா. அதனால் ஒரு பானை காலியாகும்போது அதற்கடுத்த வருஷத்துப் பானை தயாராக இருந்தாக வேண்டும். கொட்டையை எடைக்குப் போட்டுவிடுவோம். அந்தக் காசு அப்பாயியுடையது, அதில் யாரும் பங்கு கேட்பதில்லை.

மாங்காய் வத்தலுக்காக யாரும் மாங்காய் பறித்து நான் பார்த்ததில்லை. சித்திரைக் காற்றில் தோப்பில் உதிர்ந்து கிடப்பதுதான் வத்தலுக்கு. அடிபட்டது, அணில் கடித்தது, வெம்பியது என்று விற்க முடியாததெல்லாம் கூடையில் வரும். கெட்டதை அரிந்து தள்ளிவிட்டு, கொட்டை முற்றாத காயாக இருந்தால் கொட்டையோடு கீற்றுப் போட்டு, உப்புப் போட்டுப் பானையில் ஊறவைப்பாள் அம்மா. மறுநாள் அது தண்ணீர் விட்டிருக்கும். பகலில் எடுத்துப் பாயில் பரப்புவது, சாயங்காலம் அதே உப்புத் தண்ணீரில் மறுபடி போடுவது, பகலில் மறுபடி வெயில். அந்தத் தண்ணீர் முழுக்கக் காய்க்குள்ளேயே போய்த் தீருகிற வரை இப்படி. கடைசியில் கீற்றின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். சுண்டைக்கும் மோர் மிளகாய்க்கும் இதே முறை. உப்புத் தண்ணீருக்குப் பதில் புளித்த மோர். வெயிலில் கெட்டுப்போகிற மோரும் வீணாகவில்லை, காற்றில் விழுந்த காயும் வீணாகவில்லை. புளிப்பும் உப்பும் ஏறி, உள்ளிருந்த நீர் வற்றிப்போன பிறகு பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. இதெல்லாம் பின்னால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்குக் காதுதான் கணக்கு. கை நிறைய அள்ளிக் குலுக்குவாள். கலகலத்தால் பானைக்கு, இல்லையென்றால் இன்னும் ஒரு வெயில்.

வடகம் போடுவது மட்டும் தனியாள் வேலை கிடையாது. சின்ன வெங்காயம் மலிந்த நேரம் பார்த்து நாலைந்து வீட்டுப் பெண்கள் எங்கள் கொல்லைப்புறத்தில் கூடுவார்கள். வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்தால் அது அழும். சொட்டிய சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. சாயங்காலம் உருண்டைகளை உடைத்து அதே சாற்றில் போட்டுப் பிசைந்து, காலையில் திரும்பப் பிடித்து வைக்க வேண்டும். நாளாக ஆக உருண்டை சிறுக்கும், கருக்கும், தெரு முழுக்க மணக்கும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இதன் ருசி கண்டு தங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். ‘வாதுவான்’ என்ற பெயரில் இன்றும் அங்கே பெரிய சமையற்காரர்கள் இதைக் கையாள்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் விளக்கெண்ணெய் வழுவழுக்கும் கைகளோடு ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பகலை எந்த நாட்டுக்கும் கொண்டுபோக முடியாதே என்று இருக்கும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது உப்பு. அதை நாங்கள் அகஸ்தியம்பள்ளிப் பக்கத்திலிருந்து கோடையிலேயே வாங்கி வைத்துவிடுவோம். மழை வந்தால் உப்பளம் முழுகிவிடும். பிறகு தை, மாசியில்தான் திரும்பப் பாத்தி கட்டுவார்கள். கடலை வெயிலில் காயவைத்து எடுக்கிற ஊரில், மாங்காயைக் காயவைப்பதை யாரும் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த உப்புக்காகத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகம் செய்ய நடந்து வந்தார். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பொட்டலங்களில் இருந்தது புளிச்சோறுதான் என்று என் மனம் சொல்கிறது. காலையில் கட்டினால் சாயங்காலம் வரை வெயிலைத் தாங்குகிற சோறு எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அவசரத்துக்கு அப்படிக் கட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் புளி முன்னமே பானையில் இருந்திருக்க வேண்டும் இல்லையா? போராட்டக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்படிகள்தான் கண்ணில் வரும்.

அப்பாயியின் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1952 நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினத்தை அடித்த புயலில் அவள் புது மருமகள். “அம்பத்திரெண்டு புயல்ல” என்று தொடங்கினால் அடுத்து வருவது எப்போதும் சோற்றைப் பற்றித்தான் இருக்கும். நெல் முளைத்துப்போனது, கிணற்றில் உப்பேறியது, மூன்று வீட்டுக்கு ஒரு பானைப் புளி. பிறகு 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு. பிறகு 1977 நவம்பரில் இன்னொரு புயல். அடுத்த புயல் எந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியாது. வரும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் அவள் கண் கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் கஞ்சத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பானை நிறைய வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கும் இல்லையென்று அவள் சொன்னதில்லை.

ஐப்பசி அடைமழையில் முதல்முறை பானை திறக்கிற நாளின் சமையலை இன்றும் என்னால் வாசனையாகவே சொல்ல முடியும். முதலில் கத்தரி வத்தல்தான். ஈரக்காற்றில் சீக்கிரம் பதம் கெடுவது அது. மாங்காய் வத்தலுக்கு அடுத்த முறை. சுண்டை எவ்வளவு நாளானாலும் கிடக்கும், அதனால் கடைசி. மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் அம்மா வடகத்தைக் கையால் நொறுக்கிப் போடுவாள். கடுகு வெடிக்க, வெங்காயமும் பூண்டும் பல மாதம் கழித்து வாசனை விடும். வெந்நீரில் ஊறிய வத்தலைப் போட்டு ஒரு புரட்டு, புளிக்கரைசல், மல்லியும் மிளகாயும் சேர்த்து இடித்த தூள். அப்புறம் அவசரமே கிடையாது. எண்ணெய் தனியே மிதக்கிற வரை கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, தணலில் அப்பளம் சுடுவாள். எண்ணெயில் பொரித்த அப்பளம் பொங்கல், தீபாவளிக்கு. மற்ற நாளில் சுட்டதுதான். அதன் ஓரத்தில் கருகிய இடத்துக்காக எங்களுக்குள் சண்டை.

அந்த ஒரு சட்டிக் குழம்பு மூன்று நாள் வரும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் நன்றாக இருக்கும். வத்தலின் உப்பு இறங்கி, புளி வத்தலுக்குள் ஏறியிருக்கும். மூன்றாம் நாள் மிச்சத்தைச் சுண்டவைத்து, சட்டியின் அடியில் ஒட்டியதோடு பழைய சோற்றைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் வைப்பாள். அந்த உருண்டைக்கு ஈடாக நான் எதையும் பின்னால் சாப்பிடவில்லை. எத்தனையோ நல்ல விருந்துகளுக்குப் போயிருக்கிறேன், நன்றாகச் சமைப்பவர்களோடு பழகியிருக்கிறேன், இருந்தும் சொல்கிறேன்.

குழம்பு அலுத்தால் வடகத் துவையல். எண்ணெயில் பொரித்த வடகம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய்க் கீற்று, உப்பு. அம்மியில் நாலு இழுப்பு. அதுவும் இல்லையென்றால் பச்சைப்பயறு கடைசல். பயறும் இல்லையென்றால் புளித்தண்ணி: அடுப்பே மூட்டாமல் புளியைக் கரைத்து, வெங்காயமும் சுட்ட மிளகாயும் நசுக்கிப் போட்டு. இவற்றில் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பரணில் ஆகத் தொலைவிலிருந்து வந்த பொருள் பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி வடிக்கிற பால். இந்தியாவில் அதைப் பயிரிட முதல் நாற்று நட்டதே 2020இல், இமாசலத்து லாகுலில். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால்தானோ என்னவோ, அம்மா அதை மிளகளவு கிள்ளிச் சின்னக் கொட்டாங்கச்சியில் ஊறப்போட்டு, தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கட்டியைத் திரும்ப வைத்துக்கொள்வாள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கத்தில்தான். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. தொலைபேசி அறுந்துவிட்டது. சாலையில் மரங்களை அறுத்துத் தள்ளிய பிறகு பேருந்து கிடைத்த தூரம் வரை போய், அப்புறம் நடந்தும் யாரோ ஒருவர் வண்டியில் ஏறியும் வீடு போய்ச் சேர்ந்தேன். தோப்பில் மாமரங்கள் வேரோடு கிடந்தன. தென்னைகள் ஒரே திசையில் விழுந்திருந்தன. கூடத்து ஓடுகள் பறந்து போயிருந்தன. அடுப்படி நின்றிருந்தது. அம்மா அங்கே தெருவுக்கே குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

லாரிகளில் அரிசி வந்தது. அனுப்பியவர்களுக்கு எங்கள் ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆனால் வெறும் சோற்றை எத்தனை வேளை விழுங்குவது? மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. குளிர்பெட்டி வாங்கி மீனும் காயும் அடுக்கிவைத்திருந்த வீடுகளில் அதைத் திறக்க முடியாமல் நாற்றம். மெத்தை வீடு கட்டியபோது பரணைத் தள்ளிவிட்ட வீடுகள் அவை. கூரை வீடுகளில் பானை இருந்தும் நனைந்து போயிருந்தது. எங்கள் பரணில் நனையாமல் நின்றதெல்லாம் இறங்கியது. கத்தரி முதலில், சுண்டை கடைசியில் என்ற வரிசை அன்றைக்கு இல்லை. எல்லாப் பானையும் ஒரே சமயத்தில் வாய் திறந்திருந்தன. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உப்பையும் ஊசியையும் அம்மா வெளியே தரமாட்டாள். அப்பாயி இருந்தவரைக்கும், அதற்குப் பின்னும் அது மாறியதில்லை. அன்று இருட்டியபின் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் தயங்கி நின்றாள். “அத்தை, விளக்கு வச்சாச்சு, கேக்கக் கூடாதுதான்...” என்று இழுத்தாள். அம்மா உப்பு ஜாடியை அப்படியே தூக்கிக் கொடுத்து, “இருக்கிறவரைக்கும் அள்ளிக்க தாயி” என்றாள். 1952 முதல் ஒவ்வொரு சித்திரையிலும் எங்கள் வீடு எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுதாகப் பிடிபட்டது.

இன்று அம்மா தனியாள். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வருகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. புளியும் வத்தலும் கையில் இருக்க, மாதச் செலவு எவ்வளவு ஆகிறது என்று அவள் சொன்னால் என் பக்கத்து வீட்டுக்காரர் நம்பமாட்டார். எனக்கோ இங்கே எல்லாம் இருக்கிறது, வெயில் இல்லை. பால்கனியில் காலையில் ஒரு மணி நேரம் கம்பி நிழலோடு விழுகிற வெயிலில் மாங்காய் காயாது, புளிக்கும். மொட்டைமாடியில் பாய் விரிக்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்தின் விதி. கடையில் வத்தல் கிடைக்கிறது. உப்பு ஏறிப்போன, எப்போது காய்ந்தது என்று தெரியாத வத்தல். அதையும் வாங்கிக் குழம்பு வைக்கிறேன், பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு குழம்பு. அதற்கு ஒரு மாதம் உண்டு, அந்த மாதம் வரும் வரை கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? காத்திருப்பதற்கு இங்கே எதுவும் மிச்சமில்லை. எல்லாக் காயும் எல்லா மாதத்திலும் வருகிறது.

கஜாவுக்குப் பிறகு நட்ட ஒட்டுமாங்கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. பழைய மரங்களின் காய்போலப் புளிப்பு இல்லை என்பது அம்மாவின் குறை. முழங்கால் வலியோடு ஏணி ஏற வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, பானைகளில் பாதியைக் கீழே இறக்கி வைக்க மட்டும் சம்மதித்திருக்கிறாள். பள்ளி விடுமுறையாயிற்றே, பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே என்று ஒவ்வொரு சித்திரையிலும் சென்னைக்குக் கூப்பிடுகிறேன். இந்த வருஷமும் கூப்பிட்டேன். “இப்பப் போய்க் கூப்பிடுறியே, வெயிலை விட்டுட்டு எப்படி வர்றது? காத்துல ரெண்டு கூடை விழுந்துருக்கு. நீ வேணா பிள்ளைங்கள கூட்டிட்டு வா, பாய் விரிக்க ஆள் இல்ல” என்றாள். விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.